இரண்டாம் மாடியில் கடல்

நானும் என் சம்பந்தியும் ஒரு நாள் காலையில், மருத்துவமனையின் இரண்டாம் மாடியிலேயே, கடலுக்கடியில் போய் வந்தோம். கால்சட்டை நுனிகூட நனையவில்லை. சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

சம்பந்தி என்றால் என் மகளின் மாமனார். வங்கியில் தணிக்கை வேலை பார்த்தவர். பைபிளில் வரும் தலைமுறைகளைக் கூட்டிப் பார்த்து, உலகத்துக்கு வயது ஆறாயிரம் வருஷம் என்று முடிவு கட்டியவர். நானோ நிலவியல் துறையில் பாறைகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன். கோடி வருஷத்துக்குக் குறைந்து வாயைத் திறக்க மாட்டேன். பேரனின் பிறந்தநாள் சாப்பாட்டில் இதற்காக மோதிக்கொண்டோம். நான் கத்திய கத்தலில் பக்கத்துத் தெருக் கார்களெல்லாம் அலறின. அதோடு பேச்சு நின்றது. நடுவில் கிடந்து தவித்தவள் என் மகள்.

நான் சொன்ன அந்தக் காலையில் சம்பந்தியின் மனைவிக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. மகளும் மருமகனும் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்கள். கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். நடுவே ஒரு காலி நாற்காலி. சம்பந்தி அறுவை அறையின் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. குனிந்தேன். தரை முழுக்க மெருகேற்றிய சுண்ணாம்புக் கல்; ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது.

"சம்பந்தி, காலை எடுங்க. சிப்பியை மிதிக்கிறீங்க."

"ஆரம்பிச்சிட்டீங்களா? இன்னைக்குமா?"

"சண்டைக்கு இல்ல. சும்மா பாருங்க."

சலித்துக்கொண்டே குனிந்தார். கல்லுக்குள் குறுக்காக அறுபட்ட சிப்பி. பக்கத்தில் சுருள் சுருளாக நத்தைகள். ஒன்றைக் காட்டினால் இன்னொன்று. சற்று நேரத்தில் இரண்டு கிழவர்களும் முட்டி போட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தோம். திமிங்கலம் ஒன்றுதான் பாக்கி.

"எதைத் தொலைச்சீங்க?" என்றாள் அந்தப் பக்கம் வந்த செவிலி.

"பத்துக் கோடி வருஷம்மா," என்றேன்.

"கிடைச்சா எனக்கு ஒரு வாரம் குடுங்க சார். லீவே இல்ல."

சம்பந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இதெல்லாம் பைபிள்ல வர்ற பெருவெள்ளம் அடிச்சுக்கிட்டு வந்து போட்டதுதான்," என்றார். விரல் மட்டும் சிப்பியை விடவில்லை. "இது என்ன, இங்க கோடெல்லாம் கோணிக்கிட்டுப் போகுது?"

"எதுவோ கடிச்சு ஓடு உடைஞ்சிருக்கு. அப்புறம் ஆறி, பழையபடி வளர்ந்திருக்கு. பாருங்க, அதுக்குப் பிறகு எத்தனை வளர்ச்சிக் கோடு! செத்த பிறகு ஓட்டு மேல புழு ஒண்ணு குழாய் மாதிரி வீடு கட்டியிருக்கு. அதுக்கும் மேல இன்னொரு சிப்பி குடியேறியிருக்கு. வெள்ளத்துல உருண்டுக்கிட்டே வீடு கட்ட முடியுமா?"

அவர் அந்தக் கோணலின் மேல் விரலை வைத்தார். "உடைஞ்ச பிறகும் பிழைச்சுதா?" என்றார்.

"பிழைச்சு, ரொம்ப காலம் இருந்திருக்கு."

கோணலுக்குப் பிறகு வரும் கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுளில் அது இரண்டாவது முறை.

கதவு திறந்தது. "நல்லபடியா முடிஞ்சுது," என்றார் டாக்டர். எழுந்திருக்க இருவருக்கும் முட்டி ஒத்துழைக்காததால், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டுதான் எழுந்தோம். எழுந்த பிறகும் அவர் என் கையை விடவில்லை.

மறுநாள் சம்பந்தியம்மாள் கண் விழித்துப் பேசத் தொடங்கியதும் கதையை அவிழ்த்துவிட்டேன். கூடவே இரண்டு சுறா சேர்த்தேன். அந்த அம்மாள் தன் கணவர் பக்கம் திரும்பினார்.

"என்னங்க, இவர் அளக்கிறார்தானே? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா? அதுவும் தரையில தவழ்ந்து?"

"சுறா பொய்," என்றார் சம்பந்தி. மனைவியின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "கோடியெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா அந்தச் சிப்பி அடிபட்டு, ஆறி, வளர்ந்திருக்கும்மா. அது மேல இன்னொண்ணு வாழ்ந்திருக்கு. ஒரு வெள்ளத்துல ஆகுற காரியமில்ல அது. நானே பாத்தேன். நடந்ததுதான்."