இடம் மாறி உட்கார்ந்தவர்கள்

விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான்கு மணிக்குத் தொடங்கிய பகல் ஷிஃப்டில் ஊசி அதற்குள் இருநூற்றுப் பத்துப் பதிவுகளைப் பார்த்து முடித்திருந்தாள். கண் எரிந்தது. மணிக்கட்டில் சுற்றியிருந்த துணிப்பட்டைக்குள் நரம்பு விண்விண்ணென்று தெறித்தது. குளிர்சாதனம் மட்டும் ஒரு குறையுமில்லாமல் வேலை செய்தது. அது கணினிகளுக்காக வைத்தது, மனுஷர்களுக்காக அல்ல.

பெண்கள் மனம்விட்டுப் பேசுவதற்கென்று முதலாளி நடத்திய இணையதளம் அது. லட்சக்கணக்கில் பேசினார்கள், அதே அளவுக்குச் சண்டையும் போட்டார்கள். யாராவது புகார் கொடுத்த பதிவு மூன்றாம் மாடிக்கு வரும். அங்கே இருபத்திரண்டு பேர் உட்கார்ந்து அதைச் சலிக்க வேண்டும். ஒரு பதிவுக்குப் பன்னிரண்டு நொடி. படி, முடிவு செய், ‘விடு’ அல்லது ‘நீக்கு’. பதின்மூன்றாம் நொடியில் திரையின் ஓரம் சிவக்கும். மூன்று முறை சிவந்தால், சுவர்ப் பலகையில் எல்லோருடைய எண்ணையும் வேகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். மணிக்கொரு தரம் நேரத்தைக் கத்திச் சொல்வதால் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர்.

போன வருஷம்வரை பன்னிரண்டு நொடி இருபது நொடியாக இருந்தது. விளம்பரக் கம்பெனிகளுக்குச் சுத்தமான தளம் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும் என்று முதலாளி எட்டு நொடியை வெட்டிவிட்டார். ஆட்களைக் கூட்டவில்லை. வாயையும் வயிற்றையும் கட்டச் சொன்னவர்கள் உண்டு, கண்ணிமையைக் கட்டச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு வகை அழுக்கு என்று இயந்திரம் பிரித்துக் கொடுத்திருந்தது. ஊசியின் இருக்கை பதினாறு. அதற்கு வந்தவை பெண்களை அடிக்கிற படங்கள். ஊசியும் அடிவாங்கியவள்தான். கணவன் உடைத்த விலா எலும்போடு, மகளைத் தூக்கிக்கொண்டு, ஊர் மாறி வந்தவள். அவன் இன்னும் தேடிக்கொண்டிருந்தான். முதல் வாரம் பதினாறில் உட்கார்ந்தவள் மூன்று தடவை கழிப்பறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

பக்கத்து இருக்கை பதினேழு. அங்கே பாட்டுக்காரி இருந்தாள். வேலை நேரம் முழுக்க ஏதாவது மெட்டை முனகிக்கொண்டே இருக்கும் திருநங்கை. அவளுக்கு இயந்திரம் கொடுத்தது திருநங்கையரைப் பற்றிய சண்டைகள். அவளை நோக்கியே எழுதியது போன்ற வசவுகளை நாளுக்கு ஆயிரம் அவளே படித்துச் சலிக்க வேண்டும்.

மூன்றாம் மாடியில் யாரும் எழுதிவைக்காத வழக்கம் ஒன்று உண்டு. காலை ஆறு மணிக்கு மணிக்கூண்டு டீ குடிக்கக் கீழே இறங்குவார். அந்தப் பத்து நிமிடத்தில் நாற்காலிகள் கைமாறும். தன் காயத்தைத் தானே பார்க்க முடியாதவர் அடுத்தவர் காயத்தைப் பார்த்துக்கொள்வார். எண் அவரவர் எண்ணாகவே ஓடும், உட்கார்ந்திருக்கும் உடம்புதான் வேறு. பிடிபட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்பது விதி.

“ஊசி, ஆளு கீழ போயாச்சு. எந்திரி,” என்பாள் பாட்டுக்காரி.

“உன் சீட்டு இன்னிக்கு எப்படிக்கா?”

“நாத்தம்தான். உனக்கு மூக்கு கொஞ்சம் மந்தம், தாங்கிக்குவ.”

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை ஊசி பதினேழில் உட்கார்ந்தாள். ஷிஃப்ட் முடிய இருபது நிமிடம் இருந்தபோது ஒரு பதிவு வந்தது. மேலே ஒரு கேள்வி, கீழே வரிசையாகப் பதில்கள். ஊசியின் கண் முதலில் விழுந்தது பதிலில். ‘இதுங்களையெல்லாம் கொளுத்தணும்’ என்று ஒருவன் எழுதி, எப்படிக் கொளுத்துவது என்றும் எழுதியிருந்தான். பக்கத்தில் பாட்டுக்காரி முனகிக்கொண்டிருந்தாள். திரை சிவக்கப் போனது. அந்தப் பதிலுக்கு மட்டும் தனியாக ஒரு பொத்தான் உண்டு. ஊசியின் விரல் மேலே இருந்த பெரிய பொத்தானை அழுத்தியது. கேள்வியும் பதில்களும் அடியோடு போயின.

கேள்வியை அவள் படிக்கவே இல்லை.

இரண்டாம் நாள் பேருந்து நிறுத்தத்தில், வேறு யாரோ படம்பிடித்து ஊரெல்லாம் பரப்பியிருந்த அந்தக் கேள்வியை அவள் செல்போனில் படித்தாள்.

‘புருஷன் அடி தாங்காமல் பெண்கள் விடுதியில் இருக்கிறேன். என் அறையில் ஒரு திருநங்கையைச் சேர்த்திருக்கிறார்கள். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் இருட்டில் கனத்த குரல் கேட்டால் என் உடம்பு நடுங்குகிறது. நான் என்ன செய்வது? தயவுசெய்து திட்டாதீர்கள்.’

அவளே எழுதியிருக்கக்கூடிய கேள்வி அது. அவள் விரலே அதன் கழுத்தைத் திருகியிருந்தது.

அதற்குள் தீ பிடித்தாகிவிட்டது. பெண்களின் வாயை அடைக்கிறார்கள் என்று ஒரு பக்கம். கொளுத்தச் சொன்ன பதிலை ஆறு மணி நேரம் விட்டுவைத்தார்கள் என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் விளம்பரக் கம்பெனிகளின் கதவைத் தட்டின. கேள்வி கேட்டவளுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை முதலாளி ஊசியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“உக்காரும்மா. டீ சொல்லட்டுமா?”

முதலாளி தானாக டீ சொன்னால் யாருக்கோ பால் ஊற்றப் போகிறார் என்று அர்த்தம். ஊசி நின்றுகொண்டே இருந்தாள்.

“பதினேழு உன் பக்கத்து சீட்டுதான? அந்தாள் எப்படி?”

“அந்தாள் இல்ல சார். அந்தம்மா.”

“சரி, அந்தம்மா. அவங்க ஆளுங்களப் பத்தி ஏதாவது வந்தா கோபத்துல கண்ண மூடிட்டு நீக்கிடுவாங்கள்ல?”

“அப்படியெல்லாம் இல்ல சார்.”

“யோசிச்சுச் சொல்லு. பொம்பளைங்க வாய அடைக்கிற இடத்துல எங்க சோப்பு எதுக்குன்னு சோப்புக் கம்பெனி கேக்குது. கொளுத்தச் சொன்னவன எதுக்கு விட்டு வச்சீங்கன்னு துணிக் கம்பெனி கேக்குது. ரெண்டும் பதினேழாம் சீட்டு வேலைதான். பேரையும் படத்தையும் போட்டு, வேலைய விட்டு எடுத்துட்டோம்னு அறிவிச்சா ரெண்டு பேரும் அடங்கிடுவாங்க.”

“படத்தப் போட்டா வீட்டுக்கே வந்துடுவாங்க சார். உயிரோட விட மாட்டாங்க.”

“அது என் கையில இல்லம்மா.” முதலாளி ஒரு தாளை நகர்த்தினார். “நீ பாத்ததா நாலு வரி எழுதியிருக்கு. கையெழுத்துப் போடு. மணிக்கூண்டுக்கு வயசாயிடுச்சு, அந்த எடத்துக்கு ஆள் தேடிட்டு இருக்கேன்.”

“படிச்சிட்டுச் சொல்றேன் சார்.”

“நாலு வரில படிக்க என்ன இருக்கு?”

“படிக்காம ஒரு தடவ கை வச்சிட்டேன் சார். இன்னொரு தடவ வைக்க மாட்டேன்.”

முதலாளிக்கு அது விளங்கவில்லை. ஷிஃப்ட் முடியும்வரை நேரம் கொடுத்தார்.

டீ இடைவேளையில் பாட்டுக்காரி மாடிப்படிக்குக் கீழே கை கழுவிக்கொண்டிருந்தாள். ஊசி தாளை நீட்டினாள். பாட்டுக்காரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

“அந்தக் கேள்விய நான் நீக்கியிருக்க மாட்டேன்டி,” என்றாள் கடைசியில்.

அவள் திட்டியிருந்தால்கூட ஊசி தாங்கியிருப்பாள்.

“அவ என்னை வையல. பயமா இருக்குன்னு சொல்றா. வாய அடைச்சா பயம் போயிடுமா? மொத நாள் என் குரலக் கேட்டு நீயே நாற்காலிய ஒரு முழம் தள்ளிப் போட்டவதான?”

“ஆமாக்கா.”

“அப்புறம் பக்கத்துல இழுத்துப் போட்டது யாரு?”

“நாந்தான்.”

“எத்தன நாள் ஆச்சு?”

“ஒரு மாசம் இருக்கும்.”

“அவளுக்கும் அந்த ஒரு மாசத்தக் குடுக்கணும். நீ பன்னெண்டு நொடிகூடக் குடுக்கல.”

ஊசி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, “நான் போய் நாந்தான்னு சொல்லிடறேன்,” என்றாள்.

“சொன்னா என்ன ஆகும்? ரெண்டு பேருக்கும் வேலை போகும். என் படத்துக்குப் பதிலா உன் படம் போகும். உன் புருஷன் கண்ணுல பட எத்தன நேரமாகும்?” பாட்டுக்காரியின் குரல் இறங்கியது. “என்னைத் தேடி முகம் தெரியாதவன் வருவான். உன்னைத் தேடி வர்றவனுக்கு உன் முகம் நல்லாத் தெரியும். உனக்குப் பொண்ணு இருக்கா. நீ பேசாம இரு.”

படியில் நின்று டீ உறிஞ்சிக்கொண்டிருந்த பட்டாளத்தார் தொண்டையைச் செருமினார். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று இங்கே வந்து சேர்ந்தவர், மீசை மட்டும் இன்னும் ஓய்வுபெறவில்லை.

“ஒருத்தர் போய் நின்னா வெட்டறதுக்கு வசதியா ஒரே கழுத்து. அவருக்கு வேண்டியதும் அதான். நான் எந்த சீட்டுல உக்கார்றேன்னு நெனைக்கறீங்க?”

“இருபது,” என்றாள் ஊசி.

“அது என் நம்பர். மூணு மாசமா நான் ஒம்பதுல உக்கார்றேன். இருபதுக்கு நாய்களச் சித்திரவதை பண்ற வீடியோவா வருது. ரெண்டு சண்டைய நேர்ல பாத்தவன்மா நான், அத மட்டும் என்னால பாக்க முடியல.”

இடைவேளை முடிவதற்குள் செய்தி வாயிலிருந்து வாய்க்குப் போனது. எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் அன்றைக்குத் தங்கள் இடத்தில் இல்லை. இத்தனை பேர் மாறி உட்கார்கிறோம் என்று அதுவரை யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

ஒன்றாக எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்றதற்கு எல்லோரும் உடனே சம்மதித்துவிடவில்லை. நான்காம் இருக்கைக்காரி, ஆறு மாதக் கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வருகிறவள், முகத்தைச் சுளித்தாள். “அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. நான் அவ பக்கந்தான். ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது.”

“நானும் அவ பக்கந்தான் தங்கச்சி,” என்றாள் பாட்டுக்காரி.

நான்காம் இருக்கைக்காரி அவள் பக்கம் திரும்பினாள். “அப்ப சரி. கேள்வி வேற, கழுத்தறுக்கறது வேற. நானும் வரேன்.”

பதினொன்றரை மணிக்கு முதலாளியே மேலே வந்தார். கையெழுத்துத் தாளுக்காகக் கையை நீட்டினார். ஊசி எழுந்து நின்றாள். தாளை நீட்டவில்லை.

“திங்கட்கிழமை பதினேழுல உக்காந்தது நான் சார். அக்கா என் சீட்டுல இருந்தாங்க. பொம்பளைய அடிக்கறத என்னால பாக்க முடியாது, நான் அடிவாங்கினவ. கேள்விய நீக்கினதும் நாந்தான். படிக்காம நீக்கினேன். தப்பு.”

“ஓஹோ. ரெண்டு பேரும் சேந்து—”

“இருபது என் நம்பர், நான் ஒம்பது,” என்று எழுந்தார் பட்டாளத்தார். “நாய அடிக்கறத என்னால பாக்க முடியாது.”

“நான் நாலு இல்ல, பதிமூணு. குழந்தைங்கள வச்சு எடுக்கற அசிங்கத்தப் பாத்துட்டு வீட்டுக்குப் போய் என் குழந்தையத் தொட முடியல.”

“ஏழு இல்ல, ரெண்டு. என் தம்பி தூக்குல தொங்கினான் சார். தூக்கு மாட்டற படமெல்லாம் எனக்குத்தான் வரும்.”

ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை. தன் எண்ணையும், உட்கார்ந்த எண்ணையும், பார்க்க முடியாததையும் சொன்னார்கள். பக்கத்திலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவரின் காயத்தைச் சிலர் அன்றைக்குத்தான் கேட்டார்கள். விசைப்பலகைகளைத் தொட ஆளில்லாமல் சுவர்ப் பலகையில் புகார்கள் நானூறு, எழுநூறு என்று ஏறின.

முதலாளி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். “உன் கண்ணு முன்னாலயா இதெல்லாம் நடந்துச்சு?”

மணிக்கூண்டு தலையைத் தாழ்த்திக்கொண்டார். “கண்ணு முன்னால நடக்கக் கூடாதுன்னுதான் சார் ஆறு மணிக்குக் கீழ இறங்குவேன். எனக்கு டாக்டர் டீயே குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்.”

பாட்டுக்காரி ஒரு காகிதத்தை முதலாளியின் முன்னால் வைத்தாள். மூன்றே வரி. யார் பெயரும் படமும் வெளியே போகக் கூடாது. ஒரு பதிவைப் படிக்கிற அளவுக்காவது நேரம் வேண்டும். அந்தக் கேள்வியைத் திரும்ப வைக்க வேண்டும்.

“நாளைக்கே இந்த வேலைய வேற ஊருக்கு மாத்திடுவேன், தெரியுமா?”

“மாத்துங்க சார்,” என்றாள் பாட்டுக்காரி. “அங்கயும் மனுஷங்கதான உக்காந்து பாக்கணும்?”

அன்று மாலை சோப்புக் கம்பெனி விலகிக்கொண்டது. துணிக் கம்பெனி யோசிப்பதாகச் சொன்னது. பெயரும் படமும் வெளியே போகவில்லை. அந்த ஒரு நாள் போகவில்லை, அவ்வளவுதான். ஊசி அன்றிரவு கதவுக்கு இரண்டு தாழ்ப்பாளும் போட்டு, மகளை அணைத்துக்கொண்டு விழித்தே கிடந்தாள்.

மறுநாள் விடிகாலை நான்கு மணிக்கு அவர்களுடைய அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. மறு உத்தரவுவரை பகல் ஷிஃப்டுக்கு வேலையில்லை என்று கண்ணாடியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு பேரில் பதினேழு பேர் வந்திருந்தார்கள். மற்றவர்களைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மணிக்கூண்டு நேரம் சொல்ல வேண்டிய அவசியமில்லாமல் ஓர் ஓரமாக நின்றிருந்தார். குளிருக்கு எல்லோரும் வாசற்படிகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள். பாட்டுக்காரி மெதுவாக முனக ஆரம்பித்தாள்.

சற்று நேரத்தில் இரவு ஷிஃப்ட்காரர்கள் கண் சிவந்து வெளியே வந்தார்கள். பகல் ஆட்களை உள்ளே விடாததால் இன்னும் நாலு மணி நேரம் பார்க்கச் சொன்னார்களாம், முடியாது என்று இறங்கிவிட்டார்களாம். அவர்களில் நடுவயதுப் பெண் ஒருத்தி ஊசியின் முன்னால் வந்து நின்றாள்.

“பகல்ல பதினேழு யாரு?”

ஊசி நிமிர்ந்தாள்.

“நான்.”

“அந்தப் பொண்ணு கேட்ட கேள்விய நீக்கினவளா?”

“ஆமா. அதத் திரும்ப வைக்கத்தான் உக்காந்திருக்கோம்.”

அந்தப் பெண் ஊசியைப் பார்த்தாள், அவள் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்த பாட்டுக்காரியைப் பார்த்தாள். பிறகு தோள்பையைக் கழற்றிப் படியில் வைத்தாள்.

“ராத்திரியில பதினேழு நாந்தான்,” என்றாள். “கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”