கூடில்லாத தடங்கள்

வானம்பாடி தரையில் கூடு கட்டும். அந்த இயற்கைக் காப்பகத்தின் புல்வெளியில் அதைப் பார்க்க ஒரு முறை உண்டு. நேராகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. ஓரக்கண்ணால் பார்த்தபடி, நிற்காமல் தாண்டிப் போய்விட வேண்டும். ஆள் நடந்தால் புல் மடங்கும், வாசனை தங்கும். நரி அதை மோந்துகொண்டே வரும். தடம் எங்கே நிற்கிறதோ அங்கே அதற்குச் சாப்பாடு.

ஆராய்ச்சி மாணவிக்கு இன்னும் ஒரே ஒரு கூடு தேவைப்பட்டது. குஞ்சுகள் பறந்தாலும் சரி, நரி தின்றாலும் சரி, மனிதர் தலையிடாமல் நடந்தால் அதை ஒரு முடிவாகக் குறித்துக்கொள்ளலாம், ஆய்வு நிறைவடைந்துவிடும். இல்லையென்றால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும்.

ஆய்வு நிலையத்தின் சமையல்காரர் அவளுடைய அக்கா கணவர். அன்று மாலை தேநீரோடு, கூட்டைப் படம் எடுத்திருந்த போனையும் நீட்டினார்.

"உன் குஞ்சுங்களைப் பாரு. உங்கக்காவுக்கு அனுப்பினேன். உன்னை மாதிரியே வாயை மூடாதுங்களாம்."

அவள் தேநீரைக் கீழே வைத்தாள்.

"எப்படிப் போனீங்க அத்தான்?"

"நேரா போனேன், அதே தடத்துல திரும்பிட்டேன். புல்லை வீணா மிதிக்காதீங்கன்னு நீதானே கத்துவே?"

உண்மைதான். கத்தியிருந்தாள். கூட்டைத் தாண்டிப் போகும் முறையைத்தான் சமையலறைவரை சொல்லியிருக்கவில்லை.

நரி அந்தத் தடத்தைப் பிடித்துக் கூட்டுக்கு வந்துவிடும் என்று அவரிடம் விளக்கினாள். நடந்த தடத்தை அழிக்க முடியாது. ஆனால் அதைப் போலவே சும்மா போய் நிற்கும் தடங்களை நிறைய உண்டாக்கலாம். இரண்டு மூன்றில் ஏமாந்தால் நரிக்குச் சலித்துவிடும்.

"அப்போ வா, நடப்போம்," என்றார் அத்தான்.

"நடந்தா இந்தக் கூட்டை ஆய்வுல சேர்க்க முடியாது. பிழைச்சது அதுங்களாலயா நம்மாலயான்னு யாரு சொல்றது?"

"நடக்கலைன்னா?"

அவள் போனில் இருந்த படத்தை மறுபடி பார்த்தாள். பிறகு காலணியை மாட்டினாள்.

இருட்டும்வரை இருவரும் புல்வெளியில் கூடில்லாத இடங்களுக்குப் போய்ப் போய்த் திரும்பினார்கள். அத்தான் மூச்சு வாங்கினார். "தொப்பை குறைஞ்சா உங்கக்கா உனக்குக் கோயில் கட்டுவா."

காலையில், எங்கும் போய்ச் சேராத ஒரு தடத்தில் நரியின் கால் பதிந்திருந்தது. அவள் கூட்டைக் கடந்து நடந்தாள். குஞ்சுகள் எல்லாம் இருந்தன.

நிலையத்துக்கு வந்ததும் பேராசிரியரைப் போனில் அழைத்து, நடந்ததைச் சொல்லி, அந்தக் கூட்டை ஆய்விலிருந்து நீக்கிவிடச் சொன்னாள்.

"அப்போ அடுத்த வருஷமும் உனக்கு நான்தான் ஆக்கிப் போடணுமா?" என்றார் அத்தான்.

"ஆமா. உப்பை மட்டும் கொஞ்சம் குறைங்க."