பச்சையில்தான் நிற்கிறது

“கேஜ் முள் எங்க நிக்குதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க மாமா,” கேட்டேவிட்டாள், பட்டறையில் மாமாவை எதிர்த்துக் கேட்காதே, அதுவும் வண்டிக்காரர் வாசலில் நிற்கும்போது வாயே திறக்காதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியும்... மாமா நிமிரவில்லை, ஏசி குழாயை உள்ளங்கையால் தடவி, “ஜில்லுன்னு ஏறுது, இன்னும் கொஞ்சம் விடலாம்,” என்றார், இதென்ன குழந்தைக்குக் காய்ச்சலா, தொட்டுப் பார்த்துச் சொல்ல? இதே கார் போன மாதமும் வந்தது, கசிவு எங்கே என்று தேடாமல் கேஸை மட்டும் நிரப்பி அனுப்பினார், பழைய கேஸை மிஷினில் இறக்கி, ஓட்டையை அடைத்து, ஸ்டிக்கரில் போட்டிருக்கிற அளவை எடைபோட்டு ஏற்றணும் என்று அவள் கத்தியதற்கு, இன்ஜினியரம்மா அந்த ஸ்டிக்கரைக் கொஞ்சம் படிங்க கேப்போம் என்று சிரித்தார், படித்தாள், எப்போதும் அவள்தான் படிக்கிறாள், கேஸ் கேன் மேலுள்ள எச்சரிக்கை, பார்ட்ஸ் பெட்டி நம்பர், அவர் போனுக்கு வரும் செய்திகூட... வாய்விட்டுப் படிச்சாத்தான் மண்டையில ஏறும் என்பார், பயிற்சி என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், பயிற்சிதானா?

அழுத்தம் காட்டும் கேஜ் அவர் மூக்குக்கு நேரே தொங்கியது, முள் பச்சையைத் தாண்டிச் சிவப்பில் ஏறியிருந்தது, அவளுக்கு என்ன தோன்றியதோ, “பச்சையிலதான் நிக்குது மாமா,” என்றாள், சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

“அப்புறம் என்ன, இன்னும் தொற.”

வால்வை இறுக மூடி இன்ஜினை அணைத்தாள், ஹோஸ் பிய்த்துக்கொண்டால் முதலில் அவர் முகத்தில்தானே அடிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி போட்டா ஒண்ணும் தெரியல என்று வீம்பு பேசிய மனுஷன்... போடாமல் மட்டும் என்ன தெரிந்ததாம்? ஏன் மூடினாய் என்றார். “சிவப்புல நிக்குது மாமா. நான் சொல்றதுக்கு முன்னாடியே.” அவர் கழிவுத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார், துடைத்த விரலையே மறுபடி துடைத்தார். “மெதுவாப் பேசும்மா. வெளிய ஆள் நிக்குது.” பேசும்மா... இதுவரை ‘ம்மா’ போட்டதில்லையே, கேலிக்குத் தவிர. குடும்பத்திலேயே முதல் பட்டம் அவளுடையது, அதற்காக வேலைக்கு வைத்தாரா, இல்லை அவளுடைய இரண்டு கண்ணுக்காகவா, கண்ணுக்குத்தான் என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரணுமே, எங்கே போய்த் தொலைந்தது அது? கார் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டாள். இனி கேஸ் கேன் அவள் கையில்தான், முதலில் கசிவு, வண்டி இன்றைக்குக் கிடைக்காது... அதை வண்டிக்காரரிடம் சொல்ல, மாமாவைத் திரும்பிப் பார்க்காமல், வாசலுக்கு நடந்தாள்.