ஆர் என்று தட்டினால் முதலில் வருவது

ஜாய்ஸ் கடைசியாகத் திறந்தது, அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடும் பக்கிரியின் நோட்டீஸ். சம்பா அறுவடை தொடங்குவதற்குள் பூதலூரைச் சுற்றியுள்ள ஊர்ச் சுவர்களிலெல்லாம் அதை ஒட்டியாக வேண்டும் என்று பக்கிரி அவள் கடை வாசலிலேயே நின்றார். ஜாய்ஸ் விசைப்பலகையில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். திரையின் நடுவில் சின்னப் பெட்டி ஒன்று வந்தது. அதில் அவர் பெயரைத் தட்டி முடிப்பதற்குள் போன வருடத்து நோட்டீஸ் விரிந்துவிட்டது. போன் நம்பரை மட்டும் மாற்றினால் போதும்.

ஸ்டேஷன் ரோட்டில் அவள் நடத்திய டிடிபி கடையில் மவுஸ் பேருக்குத்தான் கிடந்தது. டொராண்டோவில் வேலை பார்க்கும் மகன் ஆன்டோ, ஒரு விடுமுறையில் வந்தபோது இந்தச் சின்ன மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தான். எதை எங்கே வைத்தோம் என்று தேட வேண்டாம். ஒன்றிரண்டு எழுத்து தட்டினால் அந்த எழுத்தில் தொடங்குபவை வரிசையாக வரும், அதிகம் திறப்பது மேலே நிற்கும். ஜாய்ஸுக்கு அது கையோடு ஒட்டிக்கொண்டது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற கணவர் ரெமிஜியஸுக்கு மட்டும் அது கடைசிவரை பிடிபடவில்லை.

"நீங்க மவுஸைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு கல்யாணப் பத்திரிகையை முடிச்சிருவேன்" என்று அன்றும் அவரிடம் சொன்னாள். பக்கிரி சிரித்தார்.

பிரிண்டரில் தாள் வைக்கச் சொன்னாள். ரெமிஜியஸ் வைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் நெற்றி விசைப்பலகையின் மேல் கிடந்தது. நோட்டீஸில் ஒரே எழுத்து வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கிரியின் வண்டியிலேயே தஞ்சாவூருக்குக் கொண்டு போனார்கள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் கோயில் கல்லறையில் அடக்கம். ஆன்டோ வந்து சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது.

அவன் திரும்பிப் போன பிறகு ரெமிஜியஸ் மாலைகளில் கடை ஷட்டரைப் பாதி உயர்த்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். வேலை எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. கோயிலின் பங்குப் பத்திரிகைக்கு அவர் எழுதிய கட்டுரைகளையெல்லாம் ஜாய்ஸ்தான் தட்டித் தந்திருந்தாள். அவர் பெயரில் ஒரு ஃபோல்டரில் அவை இருந்தன. பெயரை முழுசாகத் தட்டித் திறந்து படிப்பார். அவர் அடித்துத் திருத்திய இடங்களைக்கூட அவள் ஒன்று விடாமல் சரிசெய்திருந்தாள். பிறகு ஆன்டோவின் படங்களைத் திறப்பார். கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களைப் போல, ஒரு நாள்கூட விடவில்லை.

ஒரு மாலை 'ஏ' என்ற ஆங்கில எழுத்தைத் தட்டியதுமே ஆன்டோவின் படங்கள் முதலில் வந்தன. ஆதார விலைப் பட்டியல், ஆண்டுவிழா அழைப்பு எல்லாம் அதற்குக் கீழே. அவளுடைய தொழிலே அந்தக் கீழே இருந்தவைதான். அப்படியானால் வேலைக்கு நடுவில் இவனைத்தான் அதிகம் திறந்து பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆன்டோவுக்குப் போன் செய்து சொன்னார். அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு ரெமிஜியஸுக்கு ஓர் ஆசை வந்தது. பயமும் வந்தது. முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் அவளிடம் கேட்காத ஒன்றை இந்தப் பெட்டியிடம் கேட்க வேண்டியிருந்தது. பல நாள் தள்ளிப்போட்டுவிட்டு, கடைசியில் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினார். ரேஷன் கார்டு விண்ணப்பம் இரண்டாவதாக நின்றது. முதலில் அவர் பெயர்.

அன்றைக்கே ஆன்டோவை அழைத்தார்.

"ஆர் போட்டா என் பேருதான்டா மொதல்ல வருது. ரேஷன் கார்டுக்கு எவ்வளவு கூட்டம் வரும், அதுக்கும் மேல."

ரெமிஜியஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"கேக்குதா?"

"கேக்குதுப்பா. அந்த ஃபோல்டரை நீங்க அடிக்கடி திறக்கிறீங்களா?"

"தினம் திறக்கறேன். வேற என்ன வேலை எனக்கு?"

ஆன்டோ தயங்கினான். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவன் அப்பாவிடம் பொய் சொல்லிப் பழகாதவன்.

"அது யார் கைன்னு பாக்காதுப்பா. யாரு திறந்தாலும் கணக்குல சேத்துக்கும்."

ரெமிஜியஸுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் மகனுக்காகப் பதறினார்.

"அப்ப உன் படம்?"

"அதையும் நீங்கதானே தினம் திறந்தீங்க."

"அவ இருந்தப்ப எப்படி நின்னுச்சுன்னு பாக்க முடியாதா?"

"முடியாதுப்பா. பழசு எதையும் அது தனியா வச்சுக்காது."

அங்கே காலை நேரம்; வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்று ஆன்டோ சொன்னான். ஆனாலும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. பிறகு எந்தப் பக்கம் துண்டானது என்று தெரியவில்லை.

மறுபடியும் 'ஆர்' தட்டினார். அவர் பெயர் வந்து நின்றது. அவள் விட்டுப்போன அன்று அது இரண்டாவதாக இருந்திருக்கலாம். ஒன்பதாவதாக இருந்திருக்கலாம். அன்றே அந்த ஒரு எழுத்தைத் தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தெரியவிடாமல் செய்தது அவருடைய விரல்தான். அதுவும் அவளை நினைத்து நினைத்துத் தட்டிய விரல். இனி தொடாமல் வைத்திருந்தாலும் காக்கப்போவது அவளுடைய வரிசையை அல்ல, தம்முடையதைத்தான்.

பெட்டியை மூடினார். திரையின் கீழ் மூலையில் மணி ஏழு நாற்பது என்றிருந்தது. சுவர்க் கடிகாரம் ஏழரை காட்டியது. ஏழே முக்கால் பாசஞ்சருக்குப் போகிறவர்களின் வேலை தாமதமாகக் கூடாது என்று ஜாய்ஸ் கணினியின் நேரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்திருந்தாள். அவர் விரல் படாத அது இன்னும் பத்து நிமிடம் முன்னால்தான் ஓடுகிறது.