வாங்காத கதிர்

என் வீட்டுக்காரர் அருள்பிரகாசம் பால்காரர் ஊற்றும் பாலைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாங்கள் குடியிருப்பது ராயபுரம் என்றாலும், வள்ளூரில் என் மாமனார் விட்டுப்போன கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே துரை அண்ணன்தான் அதில் பயிர் வைக்கிறார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. அறுப்பு முடிந்ததும் ஒரு பிடி கதிரோடு வருவார். அதை வாங்கி மாதா படத்துக்கு மேலே கட்டினால் அடுத்த போகமும் நிலம் அவர் கையில். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இந்த வருஷம் ஒரு பேச்சு கிளம்பியது. தாலுகா ஆபீசில் குத்தகைக்காரர் பெயரைப் பதியப் போகிறார்கள், பதிந்துவிட்டால் அப்புறம் அவரை அசைக்கவே முடியாது என்று. என் தம்பி ஜோதான் வந்து ஊதிவிட்டுப் போனான். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

வழக்கத்தைவிட முன்னதாகவே துரை அண்ணன் கதிரோடு வந்து நின்றார். "பார்த்தியா, அவசரத்த" என்று இவர் என் காதில் முணுமுணுத்தார்.

"அண்ணே, ரோடு போடறவங்க நம்ம பக்கம் கல்லு நட்டுகினு வராங்க" என்றார் துரை. "பயிர் கீற நெலத்த வுட்டுட்டு, சும்மா கெடக்கறத எடுத்துக்குவாங்களாம். உடனே அடுத்த போகம் நவரை நெல்லு வெச்சிடணும். வெதை குடுக்கற சொசைட்டில யார் பயிர் வெக்கறதுன்னு கேக்கறாங்க. நான்தான் பயிர் வெக்கறேன்னு நீ வந்து ஒரு வார்த்த சொல்லு."

இவர் முகம் இறுகியது. "அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இம்மாந்தூரம் வந்தியா?"

"வேற இன்னாத்துக்கு வருவேன்?"

"கதிர எடுத்துனு போ துரை. பாத்துக்கலாம்."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. துரை என்னைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாங்கிக்குங்க" என்றேன். இவர் உள்ளே போய் ஃபேனைப் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் துரை வரவில்லை. "மாட்டிகிட்டான், அதான் வரல" என்று ஜோவிடம் போனில் பெருமையடித்தார் இவர்.

தவக்காலத்தில், எங்கள் நிலத்தை ரோட்டுக்கு அளக்கிறார்கள் என்று வள்ளூரிலிருந்து செய்தி வந்தது. அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடினோம். எங்கள் வயல் முழுக்கக் கோரைப்புல். வரப்பில் புதுக் கல். கையில் அளவு நாடாவோடு ஓர் அதிகாரி நின்றிருந்தார். பக்கத்து வயல் பச்சையாக இருந்தது. அதில் துரை கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"தரிசுன்னு எழுதியாச்சு" என்றார் அதிகாரி.

"தரிசு இல்ல சார்" என்று இவர் பதறினார். கையை நீட்டித் துரையைக் காட்டினார். "தோ, அவர்தான் சார் பயிர் வெக்கறாரு. எங்கப்பா காலத்துலேர்ந்து அவர்தான். எங்க வேணா வந்து சொல்றேன்."

அந்த வார்த்தையைத்தான் துரை எங்கள் வாசலில் நின்று கேட்டார். அதிகாரி அவரைக் கூப்பிட்டார். "இது நீங்க பயிர் வெக்கற நெலமா?"

துரை கைச்சேற்றை வழித்துப் போட்டார். இவரைப் பார்க்கவில்லை.

"கதிர் குடுத்தேன் சார். வாங்கல."

சொல்லிவிட்டுக் குனிந்து களையைப் பிடுங்க ஆரம்பித்தார்.