சட்டைக் கைச் சோதனை

ஆரின் ட்வெய்ட்டுக்கு மீன் பிடிக்கத் தெரியும், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாயை அடக்கத்தான் தெரியாது. ஹூட் கால்வாய் என்கிற கடற்கழியின் அந்தச் சிப்பிக் கரைக்கு யார் தூண்டிலோடு வந்தாலும் முதலில் கையை நீட்டிவிடுவார். "பூச்சியக் குடுங்க, பாப்போம்." இறகும் நூலும் சுற்றிக் கட்டிய அந்தப் போலிப் பூச்சியின் கொக்கியைத் தன் சட்டைக் கையில் குத்தி இழுப்பார். வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. துணியைக் கவ்விக்கொண்டால், கழற்றும்போது சதையைப் பிய்க்கிற பின்முள், அதாவது பல், கொக்கியில் இருக்கிறது என்று அர்த்தம். கடல் டிரவுட் மீனைப் பிடித்தால் உயிரோடு திருப்பி விட்டே ஆகவேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் பல்லைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைக்கவேண்டும்.

போன அக்டோபரில் லெனோரா காஷ் மாட்டிக்கொண்டாள். வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஆறு பேர் காபி குடித்துக்கொண்டு நின்றார்கள். அவளுடைய பூச்சி ஆரினின் சட்டையில் சிக்கியது. மனுஷன் பேசாமல் எடுத்துக் கொடுத்திருக்கலாம். அந்தக் கையை அப்படியே உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார்.

"மீன் பிடிக்க வந்தீங்களா, கசாப்புக்கடை போட வந்தீங்களா?"

ஆறு பேரும் சிரித்தார்கள். லெனோரா பூச்சியைக்கூடத் திரும்பக் கேட்காமல் வண்டி ஏறிப் போனவள், குளிர்காலம் முழுக்க அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஏப்ரலில் ஒரு காலை, கடல் வற்றத் தொடங்கிய நேரத்தில் வந்து நின்றாள். ஆரினுக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை. பெட்டியைத் திறந்து, முந்தின நாள் மதியம் கட்டிய பூச்சிகளில் ஒன்றை எடுத்து நீட்டினார். வெள்ளியும் பச்சையுமாக, சால்மன் குஞ்சு மாதிரி, சுண்டு விரலில் பாதி இருந்தது.

"மெதக்குற பாப்பருக்குப் பின்னால ஒன்றரை முழம் தூண்டில் நரம்பு விட்டு இதக் கட்டுங்க. மேல அது சத்தம் போடும், மீன் என்னமோன்னு எட்டிப் பாக்கும். கடிக்கிறது இதத்தான்."

"சட்டையில இழுத்துப் பாக்க வேண்டாமா?" அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் கட்டினதும்மா."

"அப்ப சரி," என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

முழங்கால் தண்ணீரில் நின்று வீசினாள். மஞ்சள் நுரைத் தக்கையில் செய்த பாப்பர் பொளக் பொளக்கென்று தண்ணீரைக் கொத்திக்கொண்டு வந்தது. ஐந்தாவது வீச்சிலோ ஆறாவதிலோ அதன் பின்னால் தண்ணீர் மேடு கட்டியது. ஒரு மீன் தொடர்ந்து வந்து, பாப்பரை முகர்ந்துவிட்டு விலகியது. "நிறுத்தாம இழுங்க, நிறுத்தாம இழுங்க" என்று ஆரின் சொல்லி முடிப்பதற்குள் கழி வளைந்துவிட்டது.

கிட்டே வந்ததும் பார்த்தால், இருபது அங்குலத்துக்குக் குறையாது. உடம்பெல்லாம் புள்ளி, தாடைக்கு அடியில் இரண்டு சிவப்புக் கீற்று. இவ்வளவு பெரியதை இந்தக் கரையில் ஆரின் நாலைந்து முறைதான் பார்த்திருக்கிறார். குஞ்சுப் பூச்சியை அடிநாக்கு வரை விழுங்கியிருந்தது. லெனோரா கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்தபடி, வாய்க்குள் குனிந்து பார்த்துக் கொக்கியைப் பின்னால் தள்ளினாள்.

"வரமாட்டேங்குது ஆரின்."

"விடுங்க, நான் பாக்கறேன்."

குறடை உள்ளே விட்டுத் திருப்பியதுமே அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. பல். நசுக்காத பல். நேற்று கட்டிக்கொண்டிருந்தபோது சிநேகிதன் வெண்டல் போன் செய்தான். பக்கத்துக் கரையில் எவனோ பல்லுள்ள கொக்கியோடு பிடிபட்டு அபராதம் கட்டிய கதை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அந்த ஆளை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே ஒரு பூச்சியைக் கட்டி முடித்தது இப்போது ஞாபகம் வந்தது.

கொக்கி பிய்த்துக்கொண்டுதான் வந்தது. செவுளிலிருந்து ரத்தம் தண்ணீரில் பரவியது. மீனை நீரோட்டத்துக்கு எதிராக ஐந்து நிமிஷம் பிடித்து வைத்தார்கள். விட்டதும் சரிந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. எடுத்துப் போய்ச் சமைக்கவும் சட்டம் விடாது. கொஞ்ச நேரத்தில் ஒரு கடற்காகம் வந்து அதன் பக்கத்தில் இறங்கியது.

"நான்தான் சரியாப் பிடிக்கல போல," என்றாள் லெனோரா. சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

சொல்லியிருக்கவேண்டிய நேரம் அதுதான். ஊருக்கெல்லாம் நீளுகிற அந்த வாயில் அப்போது கொழுக்கட்டையா இருந்தது? பூச்சியை உள்ளங்கையில் மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சில சமயம் அப்படி ஆயிடும்மா" என்றார் பெரிய மனுஷர்.

வண்டிகள் இருந்த இடத்தில் வெண்டலும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். கடற்காகம் எதைக் கொத்துகிறது என்று அங்கிருந்தே தெரிந்தது.

"அவ்வளவு பெரிய மீன் செத்து மெதக்குதே," என்று வெண்டல் லெனோராவைப் பார்த்தான். "மறுபடியும் நீங்கதானா? ஏம்ப்பா ஆரின், இவங்க பூச்சிய நீ பாக்கலியா? சட்டைக் கைய எதுக்கு வச்சிருக்க?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். லெனோரா ரப்பர் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து சிவந்தது. 'இவர்தான் கொடுத்தார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆரினுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நிறுத்து வெண்டல். பூச்சி என்னோடது."

பையிலிருந்து எடுத்து, தன் சட்டைக் கையில் குத்தி, எல்லோரும் பார்க்க இழுத்தார். துணி கூடாரம் மாதிரி எழும்பியது. கொக்கி வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"நான்தான் நசுக்காம விட்டேன், லெனோரா. மன்னிச்சிடுங்க. அக்டோபருக்கும் சேத்து."

அவள் காலணியை வண்டிக்குள் போட்டாள்.

"அந்தப் பல்ல மீன் வாய்க்குள்ள இருக்கும்போதே பாத்துட்டேன்," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "நான் சரியாப் பிடிக்கலன்னு சொன்னேன்ல, அப்பவே இல்லன்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்."

வண்டி போய்விட்டது. கொக்கி சட்டையிலேயே நின்றது. வெண்டல் குறடை நீட்டினான். ஆரின் தரையைப் பார்த்துக்கொண்டே அதை வாங்கிக்கொண்டார்.