துணைக்கு ஒருவர்

கருத்தம்மாள் பூண்டின் தாளை நறுக்கினாள். காயை உள்ளங்கையில் ஒருமுறை உருட்டிப் பார்த்து, பெரியதை வலப்பக்கக் கூடையிலும் பொடியை இடப்பக்கச் சாக்கிலும் போட்டாள். அவளுக்குக் கண் தெரியாது. வடுகபட்டி மண்டியில் மூடைக் கணக்கில்தான் கூலி. அதனால் யாரும் தலையைத் தூக்குவதில்லை. அவள் காலடியில் அவளுடைய நாய் செவலை படுத்திருந்தது. செவலை என்பது மற்றவர்கள் சொன்ன நிறம்.

"மேஸ்திரி தூங்குறாரு," என்றாள் பக்கத்தில் இருந்த முத்துலட்சுமி, நாயைப் பார்த்து.

"ரோட்டுல முழிச்சிருந்தாப் போதும்."

மேல்மங்கலத்திலிருந்து அவளை நடத்திக் கூட்டி வருவது அந்த நாய்தான். லாரி வந்தால் அது நிற்கும். கயிறு தளர்ந்ததும் அவளும் நிற்பாள். மண்டி முற்றத்தில் லாரிகள் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும். அதைத் தாண்டி ஒதுங்குவதற்குப் பின்பக்கக் கருவேல மறைவுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கூட்டி வருவதும் அதுதான்.

கணக்குப்பிள்ளை சுந்தர்ராஜின் செருப்புச் சத்தம் வந்தது. கூடவே ஷூ சத்தம். பூண்டைப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் கம்பெனியிலிருந்து ஆள் வந்திருந்தார்.

"சாப்பிடுற பொருள் இருக்கிற எடத்துல நாயா?"

"கண்ணு தெரியாத அம்மா சார். அதுதேன் கூட்டிட்டு வருது."

"பழக்கின நாயா? அப்படின்னா எங்க ரூல்ல விடலாம். சர்டிபிகேட் இருக்கணும். உடம்புல பட்டை போட்டிருக்கணும். யாரும்மா பழக்குனது?"

"நாந்தேன் சார்."

யாரோ சிரித்தார்கள். கருத்தம்மாள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, மடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள்.

"தேனி பஸ்ஸுக்குக் காட்டுற பாஸு சார். கண்ணில்லாதவுகளோட தொணைக்கு ஒருத்தர் வரலாம்னு கவர்மெண்டே போட்டுக் குடுத்திருக்காக."

அவர் அதை இரண்டு பக்கமும் படித்தார்.

"இதுல ஆளுன்னுதான்மா இருக்கு." அட்டையை அவள் விரல்களுக்கு நடுவே கவனமாகத் திரும்ப வைத்தார். "ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க. வேணாம்னு சொல்லல."

"அப்படி ஒருத்தர் இருந்தா நாய எதுக்கு வளக்கேன்."

ஷூ சத்தம் அதற்குள் அடுத்த வரிசைக்குப் போயிருந்தது.

"கோவிச்சுக்கிராதக்கா," என்றான் சுந்தர்ராஜ். "அவுக ஆர்டர் போச்சுன்னா மண்டி படுத்துரும். ஒன்னைய நிக்கச் சொல்லல. நாய மட்டும் கேட்டுக்கு வெளிய கட்டிரு."

மறுநாள் செவலையை வாசலுக்கு வெளியே விளக்குக் கம்பத்தில் கட்டினாள். முத்துலட்சுமி அவளைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனாள். அதற்கு அடுத்த நாளும் கூட்டிப்போனாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும், "இந்நேரம் ஒரு கூட முடிச்சிருப்பேன்," என்று கத்தியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். கருத்தம்மாள் அதன்பின் அவளைக் கேட்கவில்லை.

ஒருநாள் தனியாக எழுந்து போனாள். லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது.

"யாரது? செவுத்தோரமாப் போ," என்று கத்தினான் கிளீனர்.

சுவர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிடும் வரை அங்கேயே நின்றாள்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் டீ வந்தபோது வேண்டாம் என்றாள்.

"என்னக்கா, வெரதமா?" முத்துலட்சுமி கேட்டாள்.

"வயிறு சரியில்ல."

"நேத்தும் குடிக்கல. தண்ணியாச்சும் குடி."

"இருக்கட்டும்."

மதியச் சோற்றையும் தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள். உதடு காய்ந்து பூண்டுக் காரம் எரிந்தது. துடைக்கக் கையைக் கொண்டுபோய், கையும் பூண்டுதான் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் வாசலுக்கு வந்ததும், கம்பத்தில் வால் அடிக்கும் சத்தம் கேட்டது.

"பூராம் வெயில்லயே கெடந்துச்சு," என்றார் வாட்ச்மேன் அழகுமலை. "தண்ணி வக்கலாம்னு பாத்தேன். கடிச்சுருமோன்னு பயம்."

"கடிக்காதுண்ணே."

கயிற்றை அவிழ்த்தாள். செவலை வீட்டுப் பக்கம் இழுக்கவில்லை. ரோட்டைத் தாண்டி, வாழைத் தோட்ட வேலி ஓரமாக அவளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் திரும்பி நின்றுகொண்டது. அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து பையிலிருந்து தேங்காய்ச் சிரட்டையை எடுத்தாள். பூண்டுக் கையில் ஊற்றினால் அது குடிக்காது. காலையில் நிரப்பிய பாட்டில் கழுத்துவரை அப்படியே இருந்தது. சிரட்டையில் ஊற்றிக் கீழே வைத்தாள். நாய் நக்கிக் குடித்தது. காலியான ஓடு தரையில் உரசும் சத்தம் கேட்டதும் மறுபடி ஊற்றினாள். அது குடித்து முடிக்கும்வரை நின்றிருந்து, மீதியை அண்ணாந்து தன் வாயில் விட்டுக்கொண்டாள்.